என் வீட்டுக்காரரைப் பற்றி ஐந்து வாக்கியங்கள்

ஜனவரி 20, திங்கள்

ஜெனிஃபர் மிஸ் தினமும் டைரி எழுதச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். எனக்கு வருவது "குட் மார்னிங்", அதை விட்டால் "தேங்க் யூ". நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் ஆங்கிலம் வந்து சேர்கிற வரைக்கும் தமிழில் எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் பூச்சிமருந்து விளம்பரம்.

பெயர் மயிலாத்தாள். வயது ஐம்பத்தேழு. ஊர் கோபி. வகுப்பு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில். படிக்கிற பதினாறு பேரில் பதினைந்து பேர் வேலை தேடுகிற பிள்ளைகள். நான் போய் உட்கார்ந்ததும் ஒரு பெண், "யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

காரணம் என் மகள் பூங்கோதை. டாலஸில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு முறை தங்கவில்லை. இப்போது நல்லபடியாக நிற்கிறது, ஜூன் முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி? ஏப்ரல் 9 சென்னையில் விசாவுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சட்டென்று கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்வீட்டு சுலோச்சனா சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் நேரில் பார்த்த மாதிரிதான் சொல்வாள்.

வகுப்பில் சேர்த்துவிட்டது என் வீட்டுக்காரர்தான். முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நீங்களும் வாங்களேன் என்றால், "பிளேன்ல கண்டக்டர் இல்ல புள்ள, எனக்குச் செரிப்படாது" என்றார்.

ஜனவரி 25, சனி

முதல் வீட்டுப்பாடம். ஒரு ஆளைப் பற்றி, பார்க்க எப்படி இருப்பார் என்று ஐந்து வாக்கியம். யாரை எழுதலாம் என்று யோசிக்கவே இல்லை. வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் டால் அண்ட் ஸ்டவுட். ஹி இஸ் டார்க். ஹி ஹேஸ் கர்லி ஹேர். ஹிஸ் ஃபேஸ் இஸ் ரவுண்ட். ஹி ஹேஸ் எ திக் மொஸ்டாச்."

அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். முப்பத்து மூன்று வருஷமாகப் பார்க்கிற ஆளை எழுதுவதற்கு எதிரே பிடித்து உட்கார வைக்க வேண்டுமா என்ன.

வந்ததும் படித்துக் காட்டினேன்.

"ஸ்டவுட்டுன்னா?"

"தடியன்னு அர்த்தமுங்க. மரியாதையாச் சொல்றது."

"அப்பச் செரி."

சந்தோஷப்பட்டுக்கொண்டார். போன தீபாவளிக்கு வெல்ல மண்டித் தராசில் ஏறி நின்று, எழுபத்தெட்டு கிலோ என்று மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர்தானே.

மிஸ் ஒரு விதி வைத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே ஆளைப் பற்றிப் புதிதாக எழுத வேண்டும். பழைய தாளைப் பார்க்கக் கூடாது. அதனால் தாள்களை அவரே வாங்கி வைத்துக்கொள்கிறார். நான் விடுவேனா, டைரியில் ஒரு படி எடுத்தாயிற்று.

ஜனவரி 31, வெள்ளி

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் ஆங்கிலமாகத் தெரிகிறது. பஸ்ஸில் எதிரே இருந்தவர் பால்ட். அவர் பக்கத்தில் ப்ளம்ப். ஜன்னலோரம் ஸ்கின்னி. கறிக்கடைக்காரர் கன்னத்தில் ஸ்கார். சுலோச்சனா வந்து ஒரு மணி நேரம் பேசினாள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவளுடைய மூக்குக்கு என்ன வார்த்தை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மாநிறத்துக்கு என்ன மிஸ் என்று கேட்டேன். "வீட்டிஷ்" என்றார். கோதுமை நிறமாம். சோறு தின்கிற எங்களுக்கு எதற்குக் கோதுமை நிறம்? சரி, களையான முகம் என்பதற்கு? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ப்ளசன்ட் லுக்கிங்" என்றார். அது போதாது. களை என்றால் களை.

வீட்டுக்காரருக்கு இருமல் விட்டபாடில்லை. மார்கழிப் பனியில் பிடித்தது. சித்தரத்தை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூங்கோதை வீடியோவில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் பரீட்சை வைக்கிறாள். "அம்மா, டிஸ்க்ரைப் சுலோச்சனாக்கா!" என்றாள். "ஷி ஹேஸ் எ ஷார்ப் நோஸ் அண்ட் எ லாங் டங்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே சிரிக்காதே என்று இங்கிருந்து நான் கத்தினேன்.

பிப்ரவரி 8, சனி

இரண்டாவது முறை எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அப்படியே பார்த்து எழுதினேன். "டால் அண்ட் மீடியம் பில்ட்." நடுத்தர உடம்பு. புது வார்த்தை. மிஸ் "குட்" போட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கட்டிலைத் தூக்கி வெளி ரூமில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "பொழுதன்னிக்கும் டால், சார்ட்டு, பேட்டுன்னு மொனகிட்டே கெடக்கற. தூக்கம் வர்றதில்ல" என்கிறார்.

முப்பத்து மூன்று வருஷம் அவருடைய குறட்டைக்கு நான் எங்காவது கட்டிலைத் தூக்கினேனா? எனக்கு நாலு வார்த்தை வருவது பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஆம்பளை புத்தி. சாயங்காலம் தோசை வார்த்து, வேண்டுமென்றே சட்னி வைக்காமல் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் தின்றுவிட்டு எழுந்து போனார். அதுதான் இன்னும் கோபம்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் எட்டு மணிக்கு நடக்கப் போகிறார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. தொப்பை குறைய வேண்டுமாம். இந்த ஆள் எந்தக் காலத்தில் நடந்தார்? முப்பது வருஷம் நின்றது போதும் என்று சொல்கிறவர்.

தனக்கென்று ஒரு டம்ளரும் தட்டும் வாங்கி வந்திருக்கிறார். "கண்டக்டர் சென்னியப்பன்" என்று பெயர் வேறு வெட்டி வாங்கியிருக்கிறார். வயதாக ஆகக் குழந்தைப் புத்தி.

பிப்ரவரி 19, புதன்

பனியனெல்லாம் ஆரஞ்சு நிறமாகக் கறை. அக்குள் பக்கம் அதிகம். என்ன தேய்த்தும் போகவில்லை. நடக்கிற வழியில் யார் மேலாவது சாயம் பட்டிருக்கும் என்கிறார். நடக்கிற ஆளுக்கு அக்குளில் எப்படிச் சாயம் படும்? எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டேன்.

வேட்டிக்கு மேல் போடுகிற பச்சை பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஆணியைச் சுட்டுப் போட்டிருக்கிறார். பெல்ட் பழசு, இழுத்து இழுத்து நீண்டுவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

மூன்றாவது முறை. "மை ஹஸ்பண்ட் இஸ் டால் அண்ட் ஸ்லிம். ஹிஸ் ஃபேஸ் இஸ் லாங்." ஸ்லிம் என்பது நல்ல வார்த்தையாம். சினிமாக்காரர்களெல்லாம் ஸ்லிம்தானாம். நடைக்கு நல்ல பலன் இருக்கிறது. சுலோச்சனாவிடமும் சொன்னேன், "எங்கூட்டுக்காரர் அறுபத்தோரு வயசுல ஸ்லிம் ஆயிட்டார் பாரு" என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுலோச்சனா ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூங்கோதை அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். அவர் போனுக்கு முன்னால் கையை மட்டும் நீட்டி ஆட்டினார். "கரண்டு இல்ல கண்ணு, மொகம் தெரியாது" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மார்ச் 8, சனி

வகுப்பு. வெயில். இரண்டும் சரிதான் என்று சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று மிஸ் எல்லோருக்கும் அவரவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, வரிசையாக எழுந்து நின்று படிக்கச் சொன்னார். என் முறை வந்தது. மூன்று தாளையும் ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தேன். டால் அண்ட் ஸ்டவுட். டால் அண்ட் மீடியம் பில்ட். டால் அண்ட் ஸ்லிம்.

மிஸ் சிரித்துக்கொண்டே, "மேடம், ஒரே ஆள்தானே? ஸ்டவுட்டுக்கு ஆப்போசிட் ஸ்லிம். ரெண்டுல ஒண்ணு தப்பு" என்று ஸ்லிம்முக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங் மிஸ், ரெண்டும் செரிதானுங்க. அது ஜனவரி, இது பிப்ரவரி" என்றேன்.

"ஒரு மாசத்துல யாராவது அப்படி ஆவாங்களா மேடம்?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ் போக விட்டேன்.

இன்று காலை அவர் குளிக்கப் போனபோது, ஆணியில் தொங்குகிற அவருடைய கண்டக்டர் தோல் பையை எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பைக்குள் நான் கை விட்டதில்லை. டிக்கெட் கணக்கு கலைந்துவிடும் என்பார். ரிட்டயர் ஆன பிறகும் விட்டதில்லை. உள்ளே மாத்திரை அட்டைகள். அரசு ஆஸ்பத்திரி அட்டை ஒன்று. சென்னியப்பன், 61, காசநோய். அதில் எடை போடுகிற கட்டம். பிப்ரவரி 10 அன்று அறுபத்து மூன்று. பிப்ரவரி 24 அன்று அறுபது.

அறுபத்து மூன்று. பிப்ரவரி பத்தாம் தேதியே அறுபத்து மூன்று. அப்படியானால் நான் ஸ்டவுட் என்று எழுதிய ஜனவரியில் அவர் ஸ்டவுட் இல்லை. என் கண்ணுக்கு எதிரே பதினைந்து கிலோ போயிருக்கிறது, நான் தீபாவளி ஆளையே எழுதிக்கொடுத்திருக்கிறேன். மிஸ் சொன்னது சரி. இரண்டில் ஒன்று தப்பு. கோடு போட்டதுதான் இடம் மாறிவிட்டது.

அவர் துண்டோடு வந்தார். நான் அட்டையைக் கையில் வைத்திருந்தேன். நாலடி தள்ளியே நின்றார்.

"பக்கத்துல வராத புள்ள."

"எத்தன நாளா?"

"பத்தாந்தேதி சொன்னாங்க. பொங்கலுக்கு முந்தியே ஒடம்புக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"என்றகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஊருக்குப் போவியா? கோதைய விட்டுப்போட்டு எனக்குக் கஷாயம் காச்சிட்டுக் கெடப்ப. ரெண்டு தடவ அது அழுதப்ப நாம இங்கிருந்து போன்லதான் அழுதோம். மூணாவது தடவையும் அப்படியா?"

"அதுக்குக் கட்டிலத் தூக்குவாங்களா?"

"உனக்கு ஒட்டிக்கிட்டா நீ எப்படிப் போவ? கொழந்தையத் தூக்கற கை." பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சட்னி இல்லாத தோசையும் தின்னனே, அதுலயாச்சும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. திட்டோ திட்டென்று திட்டினேன். கேட்டுக்கொண்டே நின்றார், நாலடி தள்ளி.

மார்ச் 11, செவ்வாய்

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் தினமும் நடந்த நடை இதுதான். மாத்திரை வாங்கி அங்கேயே விழுங்கிவிட்டு, தொப்பை குறைந்துவிட்டதாக என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார். பனியன் கறையும் மாத்திரையால்தானாம். வேர்வையே அந்த நிறம் ஆகிவிடுமாம். என் எலுமிச்சம்பழம் எல்லாம் வீண்.

டாக்டரம்மா எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒட்டாமல் தடுக்க வாரம் ஒரு நாள் மாத்திரை, மூன்று மாதத்துக்கு. அவருக்கு ஆறு மாதம், ஒரு நாள் விடக் கூடாது.

"நான் மகள்கிட்ட போலாமுங்களா?" என்று கேட்டேன். நீங்கள் தாராளமாகப் போகலாம், அவருக்கு அடுத்த மாதம் சளி எடுத்துப் பார்ப்போம், குணமாகிற நோய்தான் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அப்பவே சொன்னேன் பார்த்தாயா என்று இருந்தது.

கோதையிடம் சொல்லக் கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். பிரசவம் ஆகும் வரைக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

"அம்மா, டிஸ்க்ரைப் அப்பா!" என்றாள்.

டைரியின் ஜனவரிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுதியது எழுதியபடி படித்தேன். மை ஹஸ்பண்ட் இஸ் டால் அண்ட் ஸ்டவுட். ஹிஸ் ஃபேஸ் இஸ் ரவுண்ட். அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெரி குட்மா" என்றாள்.

அவர் பொய் சொன்னார் என்று ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது என்னவாம்?

மார்ச் 30, ஞாயிறு

அதே பக்கம். மனப்பாடமே ஆகிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

சென்னை. சுலோச்சனா சொன்னது அத்தனையும் கட்டுக்கதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் அழகான தமிழில், "வணக்கம் அம்மா, யாரைப் பார்க்கப் போறீங்க?" என்றார். மூன்று மாதம் ஜெராக்ஸ் கடை மாடி ஏறினேனே!

"உங்க கணவர் வரலையா?" என்று கேட்டார். அதற்குத் தமிழில்தான் பதில் சொல்ல நினைத்தேன். வாய் தானாக, "மை ஹஸ்பண்ட் இஸ் டால்" என்றது. அதற்கு மேல் வரவில்லை. அவர் சிரித்துவிட்டு விசா கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். நல்ல சேதிக்கு அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு, மாங்காய்ப் பச்சடி. அவருக்குச் சளி எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. எடை அறுபதிலேயே நிற்கிறது.

போகவா, இருக்கவா? மே 22க்கு டிக்கெட் போட்டுக் கோதை அனுப்பிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒரு பக்கம், இந்த மனுஷன் ஒரு பக்கம். ஆறு மாதம் முடிய ஆகஸ்ட் ஆகும். ஒரு தட்டுச் சோற்றை நான் எதிரே உட்கார்ந்து மிரட்டினால்தான் முழுசாகத் தின்கிறார். நான் போய்விட்டால்?

"போகலீங்க" என்றேன்.

"அப்ப நான் ரெண்டு மாசமா வெளி ரூமுல தனியாப் படுத்துக் கெடந்தது வீணா?" என்றார். அவர் குரல் உடைந்தது. இருமலால் இல்லை.

முப்பத்து மூன்று வருஷத்தில் இந்த மனிதர் எனக்கு ஒரு புடவைகூடத் தானாகப் பார்த்து எடுத்தது இல்லை. இதைக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 15, செவ்வாய்

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மூன்று நிபந்தனை. சுலோச்சனா வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு, அவள் எதிரே உட்கார்ந்து. தினமும் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு எனக்கு வீடியோ, நல்ல வெளிச்சத்தில் முழு முகமும் தெரிய. வாரம் ஒரு தடவை எடை.

"கட்டில?" என்றார்.

"உள்ள தூக்கிப் போடுங்க. டாக்டரம்மா செரின்னு சொல்லிட்டாங்க."

தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அவர் ஒருவரே தூக்குவார்.

மே 22, வியாழன்

கோயமுத்தூர் விமான நிலையம். அவர் வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது. சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தனியாக நின்றது. நான் உள்ளே போகும்போது இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார், பஸ்ஸை எடுக்கச் சொல்கிற விசில். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

மே 27, செவ்வாய்

டாலஸ். வீட்டுக்குள் குளிர், வெளியே நம் ஊர் வெயில். கோதைக்குக் கால் வீங்கியிருக்கிறது. உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். அவளைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் ஆங்கிலத்தில் வரவில்லை. பெற்ற முகத்துக்கு எதற்கு வார்த்தை.

அவர் தினமும் வீடியோவில் வருகிறார். கோதை தூங்கும்போது வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று எடை அறுபத்தொன்று.

ஜூன் 5, வியாழன்

பெண் குழந்தை. நல்லபடியாக. காலை பதினொன்று இருபதுக்கு. மூன்று கிலோ நூறு கிராம். என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள்.

ஜூன் 7, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மத்தியானம் குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது. மாப்பிள்ளை மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கோதை சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு. அப்பாவுக்கு என்னாச்சு?"

சொல்லிவிட்டேன். கட்டில், தட்டு, டம்ளர், தோல் பை, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்கு மார்ச்சுலயே தெரியும்மா."

"யாரு சொன்னா? சுலோச்சனாவா?"

"யாரும் சொல்லல. என்னன்னு தெரியாது, ஏதோ இருக்குன்னு தெரியும். சுலோச்சனாக்கா மூக்குக்கே நீ வாரா வாரம் புதுசு புதுசா ஒரு வார்த்தை கண்டுபுடிச்ச. அப்பாவுக்கு மட்டும் அதே அஞ்சு வாக்கியம். டால் அண்ட் ஸ்டவுட்டு. ஒரு எழுத்து மாறல. நீ அப்பாவப் பாத்துச் சொல்லலம்மா, எதையோ பாத்துப் படிச்ச."

"அப்பறம் ஏன் கண்ணு கேக்கல?"

அப்போதுதான் அழுதாள்.

"கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா அவர விட்டுட்டு வரமாட்ட. எனக்கு பயமா இருந்துச்சும்மா. நீ வேணும்னு இருந்துச்சு. அதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன். தப்புத்தானம்மா?"

இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். தப்பு என்றால் மூன்று பேரும் செய்த தப்பு. ஒருத்தர் முகத்தைக் காட்டவில்லை, ஒருத்தி பார்க்கவில்லை, ஒருத்தி பார்த்தும் கேட்கவில்லை. அத்தனைக்கும் நடுவில் ஒரு குழந்தை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. யாரைப் போய் நான் திட்டுவேன்?

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒளிவுமறைவு இல்லாத வீடியோ. கோதை குழந்தையோடு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவர் வந்ததும், "அப்பா, ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். திரும்பினார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரும் அசையாமல் காட்டிக்கொண்டு இருந்தார்.

பிறகு, "உன்ற மகள் எத்தன கிலோ கண்ணு?" என்றார்.

"மூணு கிலோப்பா."

"நானும் அறுபதுலருந்து அறுபத்தி மூணு. அவ எடை எவ்வளவோ, நானும் அவ்வளவு ஏறியிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, "ஏம்புள்ள, இன்னைக்கு எழுதிக்க, ஸ்டவுட்டுன்னு" என்றார்.

"இன்னும் ஆகலீங்க."

"மீடியமாச்சும் போடு."

"அதுவும் ஆகல. லீன்தான்."

"ஏறீரும் புள்ள, முன்கூட்டியே எழுதினா என்ன கெட்டுப்போகுது?"

"ஏறட்டும், எழுதறேன். அப்படியே வெளிச்சத்துலயே உக்காருங்க, அசையாதீங்க."

கோதை போனைப் பிடித்துக்கொண்டாள். நான் டைரியைத் திறந்து, எழுதி எழுதி நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் எழுதினேன்.

"மை ஹஸ்பண்ட் இஸ் டால் அண்ட் லீன். ஹி ஹேஸ் கர்லி கிரே ஹேர். ஹிஸ் சீக்ஸ் ஆர் ஹாலோ. ஹி ஹேஸ் எ ஸ்மால் மோல் நியர் ஹிஸ் லெஃப்ட் இயர்." அந்த மச்சத்தை முப்பத்து மூன்று வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பேத்திக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

ஐந்தாவது வாக்கியத்துக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. தமிழிலேயே எழுதிவிட்டேன். முகம் களையாக இருக்கிறது.